எதைக் கொண்டு செய்தார்கள்? ஆப்பிரிக்க வம்சாவளிக் கலையைப் பார்க்க ஓர் எளிய வழி

ஒரு நீண்ட மேசை. அதன் பலகையில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம். சுற்றிலும் 14 பேர் நாற்காலியில் அமர்ந்து, கையை நீட்டியும் விரலைச் சுட்டியும் காரசாரமாக வாதிடுகிறார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. உடுப்பின் வெட்டு 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்களுடையது. ஆனால் அதைத் தைத்த துணி, மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் அடுக்கடுக்காகத் தொங்குமே, மஞ்சளும் நீலமும் சிவப்புமாய்க் கண்ணைப் பறிக்கும் அச்சுத்துணி.

பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரே 2003இல் செய்த இந்தப் படைப்பின் பெயர் ‘ஆப்பிரிக்காவுக்கான அடிதடி’. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை 14 நாடுகளின் பிரதிநிதிகள் பெர்லினில் கூடி, ஆப்பிரிக்க நிலத்தை எந்த விதிப்படி பிடித்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தலையில்லாத உடல்களின் கிண்டல் உடனே புரிந்துவிடும். துணிதான் புரியாது. ஐரோப்பியர்களுக்கு ஏன் ஆப்பிரிக்கத் துணி? அவர்கள் தின்றதை அவர்கள் மேலேயே போர்த்திவிட்டார் என்று முதலில் தோன்றும். அதுவும் சரிதான். ஆனால் உண்மையான வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இத்தகைய கலையின் முன்னால் முதன்முறை நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பை, பெரும்பாலும் கரடுமுரடான மொழியில்தான் இருக்கும் அதை, உடனே படிக்கவும் வேண்டாம். இது எதைக் கொண்டு செய்யப்பட்டது, அந்தப் பொருள் யார் யார் கை மாறி இங்கே வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்கள் பலருடைய படைப்புகளில் பாதி அர்த்தம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

யார் இவர்கள்

16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை அட்லாண்டிக் கடலைக் கடக்க அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். நாம் அமெரிக்காவைப் பற்றியே அதிகம் படித்திருக்கிறோம். ஆனால் வட அமெரிக்காவில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பெரும்பகுதியினர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். இவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் வழிவந்தவர்களும் ஒரு பிரிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படிக்கவும் பிழைக்கவும் லண்டனுக்கும் பாரிசுக்கும் நியூயார்க்குக்கும் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்னொரு பிரிவு. முதல் பிரிவினருக்கு எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதே தெரியாது. இரண்டாம் பிரிவினருக்கு ஊர் தெரியும், அங்கே அத்தை மாமா இருக்கிறார்கள், தொலைபேசியில் பேசுவார்கள். இருவரையும் ஒரே பெயரின் கீழ் போட்டாலும், அவர்கள் கலையில் கேட்கும் கேள்விகள் ஒன்றல்ல. இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ‘வேர்களைத் தேடும் கலை’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

முதல் பிரிவினரின் சிக்கல் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது. அடிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி ஆவணங்களே இல்லை என்பதல்ல, ஏராளமாக இருக்கின்றன. கப்பல் சரக்குக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரம், ஏல விளம்பரம், தோட்டத்தின் சொத்துப் பட்டியல். எல்லாம் அவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் எழுதியவை. அவற்றில் ஒரு மனிதர் வயதாகவும் விலையாகவும் மட்டுமே வருகிறார். ஓவியங்களிலும் இதே நிலைதான். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்களின் உருவப்படங்களில் ஓரமாகப் பழத்தட்டு ஏந்தியபடி ஒரு கறுப்புச் சிறுவன் நிற்பான், சில படங்களில் கழுத்தில் உலோகப் பட்டையோடு. சீமாட்டியின் பெயர் படத்தின் சட்டத்தில் பொறித்திருக்கும், சிறுவனின் பெயர் எங்கும் இருக்காது.

இந்த வெற்றிடத்தை லுபைனா ஹிமித் எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். 1954இல் சான்சிபாரில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்துக்கு வந்தவர். 2017இல் பிரிட்டனின் முக்கியக் கலைப் பரிசான டர்னர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அப்போது வயது 63. அவருடைய ‘பணத்துக்குப் பெயரிடுதல்’ 2004இல் உருவானது. பலகையில் வெட்டி வண்ணம் தீட்டிய ஆளுயர உருவங்கள், மொத்தம் 100. முரசு கொட்டுபவர்கள், நாய் பழக்குபவர்கள், பானை வனைபவர்கள், பொம்மை செய்பவர்கள், வரைபடம் வரைபவர்கள். ஐரோப்பிய மாளிகைகளில் வேலைக்கு வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பார்வையாளர் அவர்களுக்கு நடுவே நடந்துபோகலாம். ஒவ்வோர் உருவத்தின் முதுகிலும் கணக்குப் புத்தகத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் சில வரிகள்: என் பெயர் இது, இவர்கள் என்னை அழைக்கும் பெயர் இது, முன்பு செய்த தொழில் இது, இப்போது செய்வது இது, எனக்கென்று மிச்சமிருப்பது இது. விலை எழுதிய தாளிலேயே பெயரை எழுதியதுதான் அவர் செய்த காரியம். பெயர்கள் கற்பனை. ஆவணத்தில் இல்லாததை வேறு எப்படி எழுதுவது?

துணி

இப்போது ஷோனிபாரேயின் துணிக்கு வருவோம். இவர் 1962இல் லண்டனில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நைஜீரியாவின் லாகோஸுக்குப் போய், பதின்ம வயதின் இறுதியில் மறுபடி லண்டனுக்கு வந்தவர். கலைக் கல்லூரியில் சோவியத் யூனியனின் அரசியல் மாற்றங்களைப் பற்றி ஏதோ செய்துகொண்டிருந்தபோது, நீங்கள் ஏன் அசலான ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக்கூடாது என்று ஆசிரியர் ஒருவர் கேட்டாராம். அசலான ஆப்பிரிக்கத் துணியைத் தேடி அவர் போன இடம் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தை. அங்கே தெரிந்துகொண்ட சங்கதிதான் அவருடைய வாழ்நாள் மூலப்பொருள் ஆயிற்று. அந்தத் துணி ஆப்பிரிக்காவில் பிறந்ததே அல்ல.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றிக் கையால் செய்வது பத்திக் துணி. ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள், இதை இயந்திரத்தில் மலிவாக அச்சடித்து அங்கேயே விற்றால் என்ன என்று கணக்குப் போட்டார்கள். மெழுகுக்குப் பதில் பிசின் பூசினார்கள். பிசின் விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடுகள் விழுந்தன. ஜாவாவில் அந்தச் சரக்கு எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியபோது அங்குள்ளவர்களுக்குப் பிடித்துப்போயிற்று, கசிந்த கோடுகள் உட்பட. சந்தைப் பெண்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் சொந்தப் பெயர் வைத்தார்கள். மான்செஸ்டர் ஆலைகளும் போட்டிக்கு இறங்கின. நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விளிஸ்கோ நிறுவனம் இன்றும் அதே துணியை ஆப்பிரிக்கச் சந்தைக்கு அச்சடிக்கிறது. ஜாவாவின் முறை, ஐரோப்பாவின் இயந்திரம், ஆப்பிரிக்காவின் ரசனை. ஆசிரியர் கேட்ட அந்த ‘அசல்’ இதில் எந்த இழையில் இருக்கிறது என்று தேடச் சொல்கிறார் ஷோனிபாரே. பெர்லின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கோட்டில் இருக்கும் வேடிக்கை இதுதான்.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பெருமைப்பட்டுக்கொள்ளும் பங்கு மட்டும் அல்ல. ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொண்டுபோன பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் அதில் அடக்கம். புதுச்சேரியிலிருந்து போன நீலச்சாயத் துணி 19ஆம் நூற்றாண்டில் செனகல் கரையில் கிட்டத்தட்டப் பணம் போலவே புழங்கியது. சென்னையின் பெயரால் மெட்ராஸ் கைக்குட்டை என்றே அறியப்பட்ட கட்டம்போட்ட துணியை நைஜர் கழிமுகத்தின் காலபாரி மக்கள் இன்ஜிரி என்று அழைத்துப் பிறப்புக்கும் இறப்புக்குமான சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். காலபாரிப் பெண்கள் அந்தத் துணியில் குறிப்பிட்ட இழைகளைக் கத்தியால் அறுத்து உருவி, நம் நெசவாளர் கனவிலும் நினைக்காத புதிய வடிவங்களைக் கொண்டுவந்துவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்டினிக் தீவுகளில் பெண்களின் மரபு உடையிலும் தலைக்கட்டிலும் இருப்பது அதே மெட்ராஸ் கட்டம்தான்.

ஷோனிபாரே 2010இல் செய்த ‘புட்டிக்குள் நெல்சனின் கப்பல்’ லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தூணுக்கு எதிரிலேயே வைக்கப்பட்டது. நெல்சனின் விக்டரி கப்பலின் சிறு வடிவம், அதன் 37 பாய்களும் மெழுகு அச்சுத்துணி. கடலை வென்ற பெருமையைப் பேசும் சதுக்கத்தில், அந்த வெற்றி யாரையெல்லாம் லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று நினைவூட்டுவதுபோல் அது நின்றது. கோபமான படைப்பு என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு அழகாகவே இருக்கும், குழந்தைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். இவருக்குப் பிரிட்டிஷ் பேரரசின் பெயரிலுள்ள எம்.பி.ஈ. விருது கிடைத்தபோது மறுக்காமல் வாங்கி, தன் பெயருக்குப் பின்னால் அதையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் குறும்பு புரிந்தால் இவருடைய கலையும் புரியும்.

சர்க்கரை

காரா வாக்கர் வேறு ரகம். இவர் பார்ப்பவரைச் சும்மா விடமாட்டார். 1969இல் கலிபோர்னியாவில் பிறந்து, 13 வயதில் அமெரிக்கத் தெற்கின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர். 1994இல் நியூயார்க்கில் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய நிழலுருவங்களைச் சுவர் முழுக்க ஒட்டிப் பெயர் பெற்றார். நிழலுருவம் என்பது புகைப்படம் வருவதற்கு முன் கனவான்களும் சீமாட்டிகளும் மலிவாகச் செய்துகொண்ட உருவப்படம். தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடை விரித்த பெண், வாள் தொங்கும் ஆண், நிலா, மரம் என்று ஏதோ காதல் கதைபோலத் தெரியும். கிட்டே போனால் பலாத்காரமும் கொலையும் நடந்துகொண்டிருக்கும். எல்லா உருவமும் கறுப்புக் காகிதம்தான். ஆனாலும் இது வெள்ளைக்கார எசமானி, இது அடிமைச் சிறுமி என்று நாம் நொடியில் பிரித்துவிடுகிறோம். உதட்டையும் மூக்கையும் தலைமுடியையும் வைத்து. அதாவது எந்த இழிவான அச்சுகளை வைத்து ஆட்களை அடையாளம் காணப் பழகியிருக்கிறோமோ, அவற்றை நம் கையாலேயே எடுத்துப் பயன்படுத்த வைக்கிறார். பார்ப்பவருக்குக் கூச்சம் வருவது அங்கேதான்.

2014இல் நியூயார்க்கின் புரூக்ளினில், மூடிக்கிடந்த டாமினோ சர்க்கரை ஆலையை இடிப்பதற்கு முன் அவருக்குக் கொடுத்தார்கள். உள்ளே சுமார் 35 அடி உயரமும் 75 அடி நீளமும் உள்ள, வெள்ளைச் சர்க்கரை பூசிய ஒரு பிரம்மாண்டமான பெண்ணுருவை எழுப்பினார். உடல் எகிப்தின் ஸ்பிங்ஸ் போலப் படுத்திருக்கும். முகம் கறுப்பினப் பெண்ணுடையது, தலையில் சமையற்காரி கட்டும் துணி. இடக்கைப் பெருவிரல் இரண்டு விரல்களுக்கு நடுவே செருகியிருக்கும். அந்த முத்திரை சில நாடுகளில் வசைச் சைகை, பிரேசிலில் கண்ணேறு கழிக்கும் தாயத்து. அவளைச் சுற்றி வெல்லப்பாகு நிறத்தில் கூடை சுமக்கும் சிறுவர்கள். கோடைச் சூட்டில் அவர்கள் இளகினார்கள், உடைந்தார்கள், சிவந்த பாகு தரையில் ஓடியது. ஆலைச் சுவர்களிலும் பல்லாண்டுப் பாகு ஊறிக்கிடந்ததால் இடமே புளித்த இனிப்பாக நாறியது.

கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோனதற்கு முதன்மையான காரணம் கரும்பு. கச்சாச் சர்க்கரை பழுப்பாக வரும், அதைச் சுத்திகரித்து வெள்ளையாக்குவது இந்த ஆலையின் தொழில். பழுப்பு உருகுகிறது, வெள்ளை நடுவில் வீற்றிருக்கிறது, அந்த வெள்ளைக்குள் இருக்கும் முகம் கறுப்பு. இதை விளக்கச் சுவர்க்குறிப்பு எதற்கு? வந்தவர்களில் சிலர் உருவத்தின் மார்புக்கும் பின்புறத்துக்கும் எதிரே நின்று ஆபாசமாகச் சைகை காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாக்கர் அதற்கு ஆத்திரப்படவில்லை. பார்வையாளர்களை ஏற்கெனவே படம்பிடித்து வைத்திருந்தார், பிறகு அதையும் ஒரு படைப்பாக வெளியிட்டார்.

2019இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அவர் 13 மீட்டர் உயர நீரூற்று ஒன்றை நிறுவினார். பக்கிங்காம் அரண்மனை முன்னுள்ள விக்டோரியா நினைவுச் சின்னத்தைப் பார்த்துச் செய்தது. டேட் என்ற பெயர் சர்க்கரை சுத்திகரிப்பில் பணம் சேர்த்த ஹென்றி டேட்டுடையது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர், அவர் தொழிலுக்கு வரும் முன்பே பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்துவிட்டது. ஆனால் அந்தத் தொழிலின் அடித்தளம் எங்கே போடப்பட்டது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கறுப்பு வண்ணம்

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஓவியர், பழைய பாணியில் தூரிகையும் சட்டமுமாக. 1955இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தார். அருங்காட்சியகங்களில் தன்னைப் போன்ற முகங்கள் இல்லாததைச் சிறுவயதிலேயே கவனித்தார். அவர் வரையும் மனிதர்கள் பழுப்பு அல்ல, காப்பி நிறம் அல்ல. கறுப்பு. நிஜத்தில் யாருக்கும் இல்லாத அளவு கறுப்பு. 1980இல் வரைந்த சிறிய தன்னுருவில் கரிய பின்னணியில் கரிய முகம், தெரிவது கண்களும் இடைவெளி விட்ட பற்களும் மட்டும். காணாமல் போவதும் உறுத்தித் தெரிவதும் ஒன்றாக நடக்கிறது.

பிறகு அந்தக் கறுப்புக்குள்ளேயே நிறங்களைத் தேடினார். எலும்பைக் கரித்துச் செய்யும் கறுப்பு, கரிக்கறுப்பு, இரும்புக் கறுப்பு ஆகிய மூன்றையும் வைத்து, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை என்று கலந்து, கன்னத்துக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று என்று தீட்டுகிறார். அச்சிலோ கைப்பேசித் திரையிலோ பார்த்தால் இது ஒரே கரும்பட்டையாகத்தான் தெரியும். நேரில் பார்க்கவேண்டிய ஓவியர். அவர் வரைவது சித்திரவதைக் காட்சிகளையும் அல்ல. முடிதிருத்தும் கடை, அழகு நிலையம், ஏரிக்கரையில் பொழுதுபோக்கு. ஓய்வாக இருக்கும் கறுப்பர்கள், ராஜாக்களின் போர்க்காட்சிகளுக்கு ஒதுக்கும் அளவுள்ள பெருந்திரையில். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது.

சண்டைகளும் சந்தையும்

இந்தக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடவேண்டாம். 1997இல் காரா வாக்கருக்கு அமெரிக்காவின் பெருமைமிக்க மெக்கார்தர் நல்கை கிடைத்தபோது, மூத்த கலைஞர் பெட்டி சார் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதை எதிர்த்துப் பலருக்கும் கடிதம் எழுதினார். இழிவான உருவங்களை வெள்ளையர் ரசிக்கத் தீனியாகத் தருகிறார் என்பது குற்றச்சாட்டு. இதில் சுவாரசியம், சாரும் அதே குப்பையிலிருந்து கலை செய்தவர். அமெரிக்காவில் அப்பப் பொடிப் பொட்டலத்தில் சிரித்துக்கொண்டிருந்த ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற கறுப்பினச் சமையற்காரிப் பொம்மையை எடுத்து, ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் துப்பாக்கியும் கொடுத்து 1972இல் ஒரு பெட்டிக்குள் நிறுத்தினார். அவமான உருவத்தைக் கையில் எடுக்கலாம், ஆனால் ஆயுதம் கொடுத்து எழுப்பவேண்டும் என்பது சாரின் கட்சி. அவமானத்தை அவமானமாகவே வைத்துப் பார்ப்பவரைச் சிக்கவைப்பது வாக்கரின் கட்சி. எனக்கு வாக்கரின் வழி சரியாகப் படுகிறது. ஆனால் சாரின் தலைமுறை அந்தப் பொம்மைகளை அன்றாடம் கடையில் பார்த்து வளர்ந்தது. அவர்களிடம் போய் நகைமுரண் என்று பாடம் எடுக்க முடியாது.

பணக்கதை இன்னும் கசப்பு. மார்ஷலின் ‘பொழுதுபோக்கு’ ஓவியத்தை 1997இல் சிகாகோவின் ஒரு பொது அமைப்பு 25,000 டாலருக்கு வாங்கியது. 2018இல் ஏலத்தில் அது 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதே ஆண்டு சிகாகோ நகர நிர்வாகம், கிளை நூலகம் ஒன்றுக்காக மார்ஷல் 1995இல் 10,000 டாலர் ஊதியத்துக்கு வரைந்துகொடுத்த ஓவியத்தையும் ஏலத்துக்கு அனுப்பப் பார்த்தது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படிக்க வரும் நூலகம் அது. மார்ஷல் வெளிப்படையாகக் கண்டித்தார், விற்பனை கைவிடப்பட்டது.

அருங்காட்சியகங்களையே மூலப்பொருளாக்கியவரும் உண்டு. ஃப்ரெட் வில்சன் 1992இல் பால்டிமோரின் மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தில் புதிதாக எதையும் செய்யவில்லை. கிடங்கில் இருந்ததை எடுத்து இடம் மாற்றினார். வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும் வரிசையாக இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், நடுவில், அடிமை விலங்கு ஒன்றை வைத்தார். அட்டையில் ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும். இன்னோர் அறையில் அழகிய நாற்காலிகளைச் சவுக்கடித் தூண் ஒன்றைப் பார்த்தபடி, நாடகம் பார்க்க உட்கார்ந்ததுபோல் அடுக்கினார். அதன் அட்டையில் ‘தச்சு வேலை’. எல்லாம் ஒரே ஊரின் பொருள்கள், அதே அருங்காட்சியகத்தின் உடைமைகள். வேறு வேறு அறையில் வைத்திருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை.

இரண்டாம் பிரிவினரில் இன்னும் ஒருவரைச் சொல்லவேண்டும். நைஜீரியாவின் எனுகுவில் 1983இல் பிறந்து 16 வயதில் அமெரிக்காவுக்குப் போனவர் ஞிடெக்கா அகுன்யிலி கிராஸ்பி. அவருடைய ஓவியங்களில் அமெரிக்க வீட்டு வரவேற்பறை, சோபா, சாப்பாட்டு மேசை. கிட்டே போனால் சுவரும் தரையும் உடையும் நைஜீரியப் பத்திரிகைப் படங்களாலும் குடும்பப் புகைப்படங்களாலும் நிரம்பியிருக்கும். அந்தப் படங்களைக் கரைப்பான் கொண்டு தாளில் பதித்து, அதன்மேல் வரைகிறார். இதில் அடிமைக் கப்பல் இல்லை, துயர ஓலம் இல்லை. இரண்டு வீட்டிலும் வாழ்கிற ஒருத்தியின் நெரிசல்தான் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் இந்த ஓவியங்களைக் காட்டினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: டேட், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், ஹார்லெமின் ஸ்டுடியோ மியூசியம் ஆகியவற்றின் இணையதளங்களில் இந்தப் படைப்பாளிகளில் பலரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாக்கரையும் வில்சனையும் படங்களில் பார்த்தாலே ஓரளவு பிடிபடும், மார்ஷலை மட்டும் திரையை நம்பிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். லண்டன் போகிறவர்களுக்கு வேலை எளிது. நெல்சனின் கப்பல் இப்போது கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே, திறந்தவெளியில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது.